எந்த விமானத்தில் ஏறலாம்?



மன்னாரிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் என் மேசைமேல் இருக்கிறது. அவர் கேட்டிருப்பது நம் எல்லா வீடுகளுக்கும் உரிய கேள்வி. அதனால் இந்த மாதம் முழுப் பக்கத்தையும் அவருக்கே ஒதுக்கிவிட்டேன். முதலில் அவர் எழுதியதைப் படியுங்கள்:

"என் உம்மாவுக்கு எழுபது வயதாகிறது. அவரை உம்றாவுக்கு அனுப்பவேண்டும் என்று தம்பி கட்டாரிலிருந்து பணம் அனுப்பியிருக்கிறான். மூன்று ஏஜன்சிகளில் விசாரித்தோம். ஆளுக்கொரு விமானக் கம்பெனியைச் சொல்கிறார்கள். ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள். அகமதாபாத் விபத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளிலிருந்து எனக்கு மனம் ஒருநிலையில் இல்லை. நாங்கள் தாழ்வுபாடு வீதியில் குடியிருக்கிறோம். தாழ்வுபாட்டு மீனவக் குடும்பத்துப் பெண்கள் சிலர் எனக்குப் பழக்கம். எந்தப் படகில் மகனை அனுப்பலாம், எதில் அனுப்பக்கூடாது என்று அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். விமானத்தை அப்படிச் சொல்ல முடியுமா? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் எங்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டிக் கரையில் கிடைத்த படகில் உம்மா எங்களை ஏற்றிக்கொண்டு கற்பிட்டிக்குப் போனார். அன்றைக்கு எந்தப் படகு என்று கேட்க வழி இருக்கவில்லை. இன்றைக்குக் கேட்கலாம். ஆனால் என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை."

சகோதரி, உங்கள் கேள்விக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது. தாழ்வுபாட்டுப் பெண்கள் எதைப் பார்த்துச் சொல்கிறார்கள்? படகின் வர்ணத்தைப் பார்த்தா? இல்லையே! சம்மாட்டி யார், எஞ்சினை ஒழுங்காகக் கழற்றிப் பார்ப்பவரா, தண்டையல் வானத்தைப் பார்க்கத் தெரிந்தவரா என்றுதானே பார்க்கிறார்கள்! எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொன்று உண்டு. காற்று மாறினால் அன்றைய வருமானம் போனாலும் பரவாயில்லை என்று கரைக்குத் திரும்புகிற ஆளா? 'திரும்பத் தெரிந்தவன்' என்று பெயர் எடுத்தவனிடம்தான் தாய் தன் மகனை ஒப்படைப்பாள். விமானத்துக்கும் அளவுகோல் அதுவேதான்.

முதலில் பயத்தை நிறுத்துப் பார்ப்போம்

அகமதாபாத்தில் 2025 ஜூன் 12ஆம் திகதி நடந்ததை யாரால் மறக்க முடியும்? விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேர் இறந்தார்கள். தரையில் இருந்த 19 பேரும் இறந்தார்கள். பார்த்தவர் நெஞ்சு பதறத்தான் செய்யும். ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். 2023ஆம் ஆண்டு முழுவதும் உலகில் எந்தப் பெரிய ஜெட் பயணி விமானமும் உயிர்ச்சேதம் தரும் விபத்தில் சிக்கவில்லை என்று சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் தெரிவித்தது. அந்த வருஷம் பயணிகள் இறந்த விபத்து நேபாளத்தின் பொக்காராவில் நடந்தது. 72 பேர் இறந்தார்கள். அது காற்றாடி வைத்த சிறிய விமானம். விபத்து அபூர்வமாக நடப்பதனால்தான் அது உலகச் செய்தியாகிறது.

அபூர்வமாக நடப்பதாலேயே இன்னொரு சிக்கலும் வருகிறது. "இந்தக் கம்பெனிக்கு இதுவரை விபத்தே இல்லை, பயப்படாதீங்க!" என்று ஏஜன்சிக்காரர் சொல்வார். அது மட்டும் போதுமா? கொன்கோர்ட் என்ற அதிவேக விமானத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1976இல் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. இருபத்து நான்கு வருஷங்களாக ஒரு பயணிகூட அதில் இறக்கவில்லை. 2000 ஜூலை 25ஆம் திகதி பாரிஸ் அருகே ஒன்று விழுந்து 113 பேர் இறந்தார்கள். கொன்கோர்ட் விமானங்கள் எண்ணிக்கையில் கொஞ்சம், பறந்த தடவைகளும் கொஞ்சம். ஆகவே பத்திரமான விமானம் என்ற கணக்கு அந்த ஒரே நாளில் தலைகீழாகிவிட்டது. கொஞ்சமாகப் பறக்கும் கம்பெனியின் 'விபத்தே இல்லை' என்ற பேச்சு, இரண்டு தரம் மட்டும் கடலுக்குப் போன படகின் நற்சான்றிதழ் மாதிரித்தான்.

அப்படியானால் எதைக் கேட்பது? நான்கு கேள்விகள் சொல்கிறேன். ஒரு கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. விமானம் யாருடையது?

நம் நாட்டு மண்ணிலேயே ஹஜ்ஜுப் பயணிகளுக்கு நேர்ந்த இரண்டு பெரும் விபத்துகள் நம்மில் பலருக்குத் தெரியாது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து மக்காவை நோக்கிப் புறப்பட்ட 182 பயணிகளுடன் ஒரு விமானம் கட்டுநாயக்காவில் இறங்க வந்தது. விமான நிலையத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்து முன்கூட்டியே தாழ இறங்கினார்கள். மஸ்கெலியாப் பக்கம் சப்த கன்னி மலையில் விமானம் மோதியது. பணியாளர் 9 பேரையும் சேர்த்து 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. நான்கு வருஷம் கழித்து, 1978 நவம்பர் 15ஆம் திகதி, ஹஜ்ஜை முடித்து ஊர் திரும்பிய ஹாஜிகளின் விமானம் கட்டுநாயக்கா ஓடுபாதைக்குச் சற்று முன்னால் தென்னந்தோப்பில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் மௌத்தானார்கள். விமானிகள் உயரத்தைச் சரியாகக் கவனிக்கவில்லை என்றது இலங்கை விசாரணை. விமான நிலையக் கருவிகளில் குறை என்றது ஐஸ்லாந்து தரப்பு.

இந்த இரண்டிலும் ஒரு பொது அம்சம் இருக்கிறது. ஹாஜிகளை அனுப்பியது அவர்கள் நாட்டு விமானக் கம்பெனியான கருடா. ஆனால் வந்து நின்ற விமானமும் விமானிகளும் வேறொருவருடையவை. முதலாவது நெதர்லாந்தின் மார்ட்டின் எயார். இரண்டாவது ஐஸ்லாந்தின் லொப்ட்லைடிர். ஹஜ் காலத்தில் கூட்டம் பெருகும்போது கம்பெனிகள் விமானத்தை ஆட்களோடு வாடகைக்கு எடுப்பது வழக்கம். வாடகை விமானம் என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. பணம் வாங்கியவர் ஒருவர், பொறுப்பெடுத்துப் பறப்பவர் இன்னொருவர் என்றால் அந்த இன்னொருவரைப் பற்றியும் விசாரிக்க வேண்டும் என்கிறேன்.

ஆகவே ஏஜன்சியில் நேராகக் கேளுங்கள்: "டிக்கட்டில் இருக்கும் பெயர் சரி. விமானத்தை ஓட்டுவது எந்தக் கம்பெனி?" டிக்கட்டிலேயே 'இயக்குபவர்' என்று தனியாக ஒரு வரி இருக்கும். பிள்ளைகளைக் கொண்டு வாசித்துப் பாருங்கள். விமானத்தின் வால்பக்க உடம்பில் எழுதியிருக்கும் பதிவு எழுத்துகளும் ஒரு தகவல் தரும். இலங்கையில் பதிந்தது 4ஆர் என்று தொடங்கும், இந்தியா விடி, சவூதி எச்இசட். அந்த விமானம் எந்த நாட்டில் பதியப்பட்டது என்பதை அது காட்டும்.

2. அவர்களை யார் பரிசோதிக்கிறார்கள்?

தன் எஞ்சின் நல்லது என்று எல்லாச் சம்மாட்டியும்தான் சொல்வார். வேறொருவர் வந்து பார்த்தாரா என்பதே கேள்வி. விமானக் கம்பெனிகளுக்கு அப்படிப் பார்ப்பவர்கள் உண்டு.

ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் ஒரு பட்டியல் வெளியிடுகிறது. பாதுகாப்புக் குறைவினால் தன் வானத்தில் பறக்கக்கூடாது என்று தடுக்கப்பட்ட கம்பெனிகளின் பெயர்கள் அதில் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நாம் ஐரோப்பாவுக்கே போகாவிட்டாலும் அந்தப் பட்டியல் நமக்கு உதவும். தடை ஒருமுறை வந்தால் அப்படியே நிற்கும் என்றும் இல்லை. பாகிஸ்தான் சர்வதேச விமானக் கம்பெனியின் விமானம் 2020 மே 22இல் கராச்சியில் விழுந்து 97 பயணிகளும் பணியாளர்களும் இறந்தார்கள். பிறகு விமானிகளின் அனுமதிப்பத்திரங்கள் பற்றியே சந்தேகம் எழுந்து ஐரோப்பா அந்தக் கம்பெனியைத் தடுத்தது. 2024 நவம்பரில்தான் அந்தத் தடையை நீக்கியது. ஆகவே பழைய பேச்சை நம்பாமல், பயணம் நிச்சயிக்கும் வாரத்தில் பாருங்கள்.

மேலே சொன்ன சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமும் 2003 முதல் கம்பெனிகளைத் தணிக்கை செய்கிறது. தேறிய கம்பெனிகளின் பதிவேட்டையும் இணையத்தில் பார்க்கலாம். நம் நாட்டில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை இருக்கிறது. ஹஜ் முகவர் பதிவு பெற்றவரா என்பதை முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தில் விசாரிக்கலாம். மூன்று ஏஜன்சிகளும் சொன்ன பெயர்களை எழுதி, உங்கள் மகளிடம் கைபேசியைக் கொடுத்து உட்கார வையுங்கள். அரை மணி நேர வேலைதான்!

3. திரும்பத் தெரிந்தவர்களா?

இதுதான் தாழ்வுபாட்டுக் கேள்வி. எனக்குத் தெரிந்தவரை விபத்துகளின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

1991 ஜூலை 11ஆம் திகதி ஜித்தாவிலிருந்து நைஜீரிய ஹாஜிகளை ஏற்றிக்கொண்டு ஒரு வாடகை விமானம் கிளம்பியது. கனடாவின் நேஷன் எயார் கம்பெனியுடையது. அதன் சக்கரங்கள் சிலவற்றில் காற்றழுத்தம் குறைவு என்று மெக்கானிக்குகளுக்கு முன்பே தெரியும். நிரப்ப வாயு கைவசம் இல்லை. தாமதமாகுமே என்று பொறுப்பாளர் அப்படியே புறப்பட விட்டார். ஓடுபாதையில் ஓடும்போதே டயர்கள் சூடேறி வெடித்துத் தீப்பிடித்தன. 261 பேரும் மௌத்தானார்கள். ஒரு டயருக்குக் காற்றடிக்கும் நேரம், சகோதரிகளே!

2010 மே 22. டுபாயிலிருந்து வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. வளைகுடாவில் உழைத்துவிட்டு வீடு வந்தவர்கள்! 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். தலைமை விமானி பயணத்தின் பெரும்பகுதியில் தூங்கியிருந்தார் என்று விசாரணை கண்டது. விமானம் இறங்கும் முறை சரியில்லை, மேலே ஏறித் திரும்பவும் வருவோம் என்று துணை விமானி சொன்னதும் பதிவாகியிருக்கிறது. தலைமை விமானி அதைக் கேட்கவில்லை. 2020 ஆகஸ்ட் 7ஆம் திகதி கோழிக்கோட்டில் மழைக்குள் இறங்கிய இன்னொரு விமானத்தின் கதையும் ஏறக்குறைய இதுதான். அங்கே 21 பேர் இறந்தார்கள்.

பெரியவர் தவறு செய்யும்போது சின்னவர் வாய் திறக்கலாமா? நம் வீடுகளிலும் இந்தக் கேள்வி உண்டல்லவா? கொரியன் எயார் கம்பெனியின் விமானம் 1997இல் குவாம் தீவில் மலையில் மோதி 228 பேர் இறந்தபோது, தலைமை விமானியின் தவறோடு, மற்ற இருவரும் அவரைச் சரிபார்க்கவில்லை என்பதையும் விசாரணை சுட்டிக்காட்டியது. கம்பெனி தன் பயிற்சியையே மாற்றியது. கீழே உள்ளவர் குரல் கொடுப்பதைக் கடமையாக்கியது. 1999க்குப் பிறகு அந்தக் கம்பெனிக்கு உயிர்ச்சேத விபத்து இல்லை. ஆகவே ஒரு கம்பெனிக்கு விபத்து நேர்ந்ததா என்பதோடு, அதன் பிறகு என்ன திருத்தினார்கள் என்பதையும் கேளுங்கள்.

நம் பங்கும் இதில் இருக்கிறது. விமானம் மூன்று மணி நேரம் தாமதம் என்றால் கவுண்டரில் நிற்கும் பெண்ணைப் போட்டு ஏசுகிறோம். "எங்கள் பயணம் பிந்தவே பிந்தாது" என்று சொல்லும் ஏஜன்சியை நம்புகிறோம். கோளாறைக் கண்டு நிறுத்தியவரைத் திட்டி, கண்டும் பறந்தவரைப் பாராட்டினால் நாளை யார்தான் நிறுத்துவார்கள்? காரணத்தைக் கேட்பது நம் உரிமை. ஆனால் பாதுகாப்புக்காக நின்றது என்றால் தஸ்பீஹை எடுத்துக்கொண்டு பொறுமையாக உட்காருங்கள்.

4. எந்த வழியாகப் போகிறது?

மன்னார்க்காரருக்கு இந்தக் கேள்வியை நான் விளக்கத் தேவையில்லை. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி, பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் அன்டனோவ் விமானம் மன்னாருக்கு வடக்கே இரணைதீவுக் கடலில் மறைந்தது. தரைவழி மூடிக் கிடந்த காலம் அது. ஏறியவர்கள் வேறு வழியில்லாத சனங்கள். 55 பேரும் போனார்கள். விடுதலைப் புலிகளின் ஏவுகணை தாக்கியதாகவே பின்னர் விசாரணைகள் கூறின. 2012இல்தான் கடற்படையினர் கடலடியில் அதன் பாகங்களைக் கண்டெடுத்தார்கள். 2014இல் உடைகளையும் பொருட்களையும் யாழ்ப்பாணத்தில் வைத்து, உறவினர்களை அடையாளம் காட்ட அழைத்தார்கள். பதினைந்து வருஷம் கழித்து ஒரு தாய் தன் பிள்ளையின் சட்டையைத் தேடி வந்து நிற்கும் நிலையை எண்ணிப் பாருங்கள்.

அது நம் ஊரோடு முடியவில்லை. 2014 ஜூலை 17இல் யுக்ரேன் வானில் மலேசிய விமானம் சுடப்பட்டு 298 பேர் இறந்தார்கள். சில கம்பெனிகள் அந்த வழியை அதற்கு முன்பே தவிர்த்திருந்தன. அந்த விமானம் தவிர்க்கவில்லை. 2025 ஜூனில் ஈரான்மீது யுத்தம் மூண்டபோது பல கம்பெனிகள் பயணங்களை ரத்துச் செய்தன. கட்டார் தன் வானத்தைச் சில மணி நேரம் மூடியபோது, வந்துகொண்டிருந்த விமானங்கள் வேறு இடங்களுக்குத் திரும்பின. அலைந்தவர்களுக்குச் சிரமம்தான். ஆனாலும் அதுதான் தண்டையல் படகைக் கரைக்குத் திருப்பியது. ஆகவே எந்த வழியாக, எங்கே இறங்கி மாறுகிறது என்று கேளுங்கள். அந்தப் பக்கம் குழப்பமாக இருக்கும் மாதத்தில், திகதி மாற்றக்கூடிய டிக்கட்டாக வாங்குங்கள்.

ஏறிய பிறகு

நல்ல கம்பெனியைத் தேர்ந்தாலும் நம் வேலை முடியவில்லை. 1980 ஆகஸ்ட் 19இல் தீப்பிடித்த சவூதியா விமானம் ரியாத்தில் பத்திரமாகவே தரையிறங்கியது. கதவுகளைத் திறக்கத் தாமதமானதால் உள்ளே இருந்த 301 பேரும் இறந்தார்கள். 2024 ஜனவரி 2இல் டோக்கியோவில் தீப்பிடித்த ஜப்பான் விமானத்திலிருந்தோ 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். பணியாளர் சொன்னபடி பைகளை விட்டுவிட்டு இறங்கினார்கள்.

ஆகவே உட்கார்ந்ததும் அவசரக் கதவு எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று உம்மாவை எண்ணி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முன்னால் மட்டுமல்ல, பின்னாலும். பணியாளர் விளக்கம் சொல்லும்போது பேசாமல் கேட்கட்டும். நைலோன் துணி தீயில் உருகி உடம்பில் ஒட்டும். பருத்தி அபாயாவும் கழன்று விழாத தட்டையான செருப்பும் நல்லது. கைக்குழந்தையோடு போகிறவர்கள், உங்கள் பட்டிக்குள் குழந்தையையும் சேர்த்து இறுக்காதீர்கள். குழந்தைக்குரிய பட்டியைக் கேட்டு வாங்குங்கள். பவர் பேங்க்கைப் பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள், கைப்பையில் வையுங்கள். ஆபத்து நேரத்தில் ஸம்ஸம் போத்தலும் வேண்டாம், வாங்கிய தங்கமும் வேண்டாம். உயிர் தப்பினால் எல்லாம் வரும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மன்னாரிலிருந்து கட்டுநாயக்காவுக்கு இரவோடு இரவாக வேனில் வருவீர்கள். விமானத்துக்குப் பயந்து உறக்கம் இழந்த நாம், பகல் முழுக்க ஓட்டிய சாரதியின் கண்ணைப் பார்த்தோமா? "தூங்கினீர்களா தம்பி?" என்று ஒரு வார்த்தை கேட்டோமா? உங்கள் உம்மாவின் பயணத்தில் நான் அதிகம் பயப்படுவது அந்த ஐந்தாறு மணி நேரத்துக்குத்தான். நான்கு கேள்விகளையும் அந்த வேனுக்கும் கேளுங்கள்.

தவக்குல் வைப்பது பற்றிக் கேட்டவரிடம் ஒட்டகத்தைக் கட்டச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். கேள்வி கேட்பது நம்பிக்கைக் குறைவு அல்ல, சகோதரி. அது கயிற்றைக் கட்டுவது. 1990இல் உங்கள் உம்மாவின் கையில் கயிறு இருக்கவில்லை. கரையில் எந்தப் படகு வந்ததோ அதில் பிள்ளைகளை ஏற்றிவிட்டு அல்லாஹ்வை மட்டும் கூப்பிட்டார். இன்றைக்குக் கயிறு உங்கள் கையில் இருக்கிறது. விலை கொஞ்சம் கூடினாலும், உங்கள் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் ஏஜன்சியைத் தேர்ந்தெடுங்கள். பதில் சொல்லாதவரிடம் மூன்றில் ஒரு பங்கு விலை குறைந்தாலும் போகாதீர்கள்.

உம்மா பத்திரமாகப் போய், உம்றாவை நிறைவேற்றி, பேரப் பிள்ளைகளுக்குப் பேரீச்சம்பழத்தோடு மன்னார்ப் பாலத்தைத் தாண்டி வீடு வரட்டும். வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். காத்திருப்பேன்.